பாலம் தாண்டும் வண்டி

போன மாதம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "அம்மா, இதுல எது நல்லாருக்கு?" என்றாள். மூன்று மோட்டார் சைக்கிள் படங்கள். கோத்தகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஸ்கூட்டர் வேண்டாமாம், கியர் வண்டிதான் வேண்டுமாம். பக்கத்தில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "உங்கம்மாவையே கேளு, வண்டி பாக்கத் தெரிஞ்சவ" என்றார்.

குத்திக்காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். அந்த மனுஷனுக்குக் குத்திக்காட்டத் தெரிந்திருந்தால், திருப்பி நாலு வார்த்தை கத்திவிட்டு நான் என்றைக்கோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

தேயிலை விலை விழுந்த காலத்தில் நடந்தது இது. பறித்த இலைக்குக் கூலி கட்டாது என்று சிறு தோட்டக்காரர்கள் செடியை அப்படியே வளர விட்டார்கள். இடுப்பளவு நின்ற செடியெல்லாம் மரமாகிப் போனது. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேர் கதவைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் வேலை செய்த பேக்டரியையும் மூடினார்கள். அலையாய் அலைந்து, மேலே கட்டபெட்டுப் பக்கம் இன்னொரு பேக்டரியில், பச்சை இலையை வாடப் போடும் மாடியில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்களுக்கு முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான். ஒரு மாதம் நடந்தே ஏறினார். மூன்று நாள் தாமதமானதும், "நேரத்துக்கு வர முடியலீன்னா சொல்லீருங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வண்டி வாங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று ஆகிவிட்டது.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவர். எங்கள் மலையில் யார் சைக்கிள் ஓட்டினார்கள், ஏறினால் மூச்சு நிற்கும், இறங்கினால் சைக்கிள் நிற்காது. அப்படிப்பட்ட ஆளுக்கு எந்த வண்டி சரிப்படும் என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும்.

ஆனால் எங்கள் லைனில் வண்டியை அளக்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பாலம் தாண்டுமா? பெட்ரோலை மிச்சம் பிடிக்க, கட்டபெட்டிலிருந்து இறங்கும்போது எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டுதான் வருவார்கள். கடைசியில் ஓடைப் பாலம். பாலத்துக்கு அப்புறம் லைன் வரைக்கும் சின்ன ஏற்றம். வந்த வேகத்திலேயே அந்த ஏற்றத்தையும் ஏறி, வீட்டு வாசல் வரைக்கும் எஞ்சினைத் தொடாமல் வந்துவிட்டால் அது வண்டி. பாலத்திலேயே நின்றுவிட்டால் கேலிதான். "என்ன, இன்னைக்கும் எறங்கித் தள்றீங்களா?" என்று குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள். கனமான வண்டிதான் பாலம் தாண்டும் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதில் எனக்கு இருந்த கெட்டித்தனம் யாருக்கும் இல்லை என்று வேறு எனக்கு நினைப்பு.

பழைய வண்டி விற்கும் கடைக்குப் போனோம். விலை ஏறக்குறைய ஒன்றாக இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று சிவப்போ என்னவோ, குட்டி வண்டி. அவர் நேராக அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் நேராகப் பெரிய கறுப்பு வண்டியிடம் போனேன்.

"இது போதும் புள்ள. காலு நல்லா ஊனுது" என்றார்.

"அது பாலத்துலயே படுத்துக்கும்ங்க. இத உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். இரண்டு கால்களின் நுனியும் தரையைத் தொட்டன.

"குதிகாலு எட்டல."

"நுனி எட்டுதுல்ல? நீங்க என்ன வண்டிய ஓட்டப் போறீங்களா, நின்னுட்டே இருக்கப் போறீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தக் கடை முற்றம் சிமெண்ட் போட்ட சமதரை. எங்கள் ஊரில் அப்படி ஒரு சமதரை எங்கே இருக்கிறது? சாய்வான ரோட்டில் ஒரு பக்கத் தரை இன்னும் கீழே போய்விடும் என்பது மலையிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. கறுப்பு வண்டியையே வாங்கினோம்.

பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வாரம் பழகினார். வேலைக்கு நேரத்துக்குப் போக ஆரம்பித்தார். முதல் நாள் சாயங்காலம் சத்தமே இல்லாமல் பாலம் தாண்டி, ஏற்றம் ஏறி, வாசலில் வந்து நின்றார். நான் குழாயடியில் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரு மாதம் ஆகியிருக்கும். கட்டபெட்டில் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு நானும் பின்னால் உட்கார்ந்து வந்தேன். நாலு மணிதான் இருக்கும். பாதி வழியில் மேகம் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடாவிட்டால் அந்த வண்டியில் லைட்டும் எரியாது.

"ஸ்டார்ட் பண்ணிக்கறேன் புள்ள, முன்னாடி ஒண்ணுந் தெரியல."

"பாலம் இதோ வந்துருச்சுங்க. இதுக்குப் போயி?"

என் பேச்சைக் கேட்டார். அடுத்த வளைவில் ரோட்டை அடைத்துக்கொண்டு காட்டெருமை நின்றது. எஞ்சின் சத்தம் கேட்டிருந்தால் அது தன்பாட்டுக்குத் தோட்டத்துக்குள் இறங்கியிருக்கும். சத்தமில்லாமல் வந்த எங்களை அதுவும் எதிர்பார்க்கவில்லை. அவர் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டார், அதில் தப்பில்லை. நின்ற பிறகு இடது காலை ஊன்றினார். அந்தப் பக்கம் ரோடு பள்ளமாக இருந்தது. கால் தேடியது, தரை கிடைக்கவில்லை.

நான் தேயிலைச் செடிமேல் விழுந்தேன், கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவர் காலின்மேல் வண்டி கிடந்தது. காட்டெருமை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல நடந்து போய்விட்டது. நான் வண்டியைத் தூக்கினேன். அசையவில்லை. இன்னொரு தரம் தம் கட்டித் தூக்கினேன். எந்தக் கனத்துக்காக அதை வாங்க வைத்தேனோ அந்தக் கனம் அவர் முழங்காலின்மேல் கிடந்தது, என்னால் ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை. "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று கத்தினேன். லைனிலிருந்து ஆட்கள் ஓடிவரும் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு அடி கிடி இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காலில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு என் அண்ணன் வந்தான். வந்ததும் வராததுமாக, "ஏனுங்க மாப்ள, வண்டி ஓட்டத் தெரியாத ஆளு இந்த மாடு கணக்கா வண்டிய எடுப்பாங்களா? எவன் சொல்லி எடுத்தீங்க?" என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டான்.

"நானேதான் மச்சான் ஆசப்பட்டு எடுத்தேன்" என்றார் அவர்.

நான் பிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை. அண்ணனுக்கு டீயைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். பேக்டரியில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். கால் ஒன்று குட்டையாகிவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாம், பேராசைப்பட்டுப் பெரிய வண்டி எடுத்துக் காலைக் கெடுத்துக்கொண்டவர் என்று அவர் பெயர் எடுத்தார். நான் அங்கேயும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போது என் மகளுக்கு மூன்று வயது. அவளுக்கும் அந்தக் கதை அப்படித்தான் தெரியும். போன மாதம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு அவள் நின்றபோதுதான் அவளிடம் சொன்னேன்.

"அந்தப் பெரிய வண்டிய அப்பா எடுக்கல. நான்தான் எடுக்க வெச்சேன். ஸ்டார்ட் பண்றேன்னவர வேண்டாம்னதும் நான்தான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "இப்ப எதுக்கு புள்ள அது?" என்றார்.

"நான் சொல்லிக்கறேங்க. அந்தச் செகப்பு வண்டிய எடுத்திருந்தா உங்க காலு..."

"நீலம்" என்றார்.

"என்னது?"

"அந்தச் சின்ன வண்டி. நீலக் கலரு. டேங்க்குல ஒரு வெள்ளக் கோடு. சீட்டு ஓரத்துல கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு. தெச்சுக்கலாம்னு நெனச்சிருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினெட்டு வருஷமாக, அந்த வண்டியை வேண்டாம் என்று சொன்னதுதான் நான் செய்த பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகப் போய்ப் பக்கத்தில் நின்ற அந்த வண்டியை நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மகள் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி அவரிடம் கொடுத்தேன். "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படமாக நெடுநேரம் பார்த்தார்.