அந்த வயல் மண்

அப்பாவுக்குப் பேச்சு நின்று, கண்ணும் மூடி, உயிர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பாபநாசத்திலிருந்து வந்த டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நினைவு இல்லீங்க. இனிமே அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அதன் பிறகு பந்தல், பாடை, யாருக்கெல்லாம் சொல்லி அனுப்புவது என்று அவர் கட்டிலைச் சுற்றி நின்றே வாய்கூசாமல் பேசினோம்.

அவர் உயிர் எதில் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும். குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு வயல். குத்தகைக்காரரோடு பல வருஷ வழக்கு. அறுப்புக்கு அறுப்பு தகராறு, வரப்பில் போலீஸ். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அதை அண்ணன் பேருக்கு எழுதி வைத்தாரே தவிர, மனதால் ஒரு பிடி மண்ணைக்கூட விடவில்லை. அவர் படுக்கையில் விழுந்ததும் அண்ணன் சமரசத்துக்குப் போய், குத்தகைக்காரருக்கே வயலைக் கிரயம் செய்து கொடுத்துவிட்டான். உழுகிறவருக்குப் போனதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் அப்பாவிடம், "கேஸ் நம்ம பக்கம் முடிஞ்சிடுச்சுப்பா" என்று சொன்னது நான். அப்போது அவருக்கு நினைவு இருந்தது. சிரித்தார்.

இப்படி இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, அவர்கள் ஆசை வைத்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆசை அடங்கினால் உயிர் பிரிந்துவிடும் என்பார்கள். அப்பாவின் தங்கைதான் ஆரம்பித்தாள்: "அந்த வயல் மண்ணைக் கொண்டாந்து கரைச்சு விடுங்க. அண்ணன் நிம்மதியாப் போவட்டும்."

பல நாள் தூக்கமில்லாத எரிச்சல் எனக்கு. அப்பாவின் தலைமாட்டில் நின்றபடியே கத்தினேன். "இன்னும் அது என்ன நம்ம வயலு, அத்தை? அவங்களுக்கே எழுதிக் குடுத்தாச்சே! இப்ப ஒரு பிடி மண்ணுக்கு அவங்க வாசல்ல போயி நிக்கணுமா?"

அத்தை என் வாயைப் பொத்தினாள். "ஏண்டி, காதுல விழப்போவுது."

"அவருக்கா? டாக்டர் சொன்னதைக் கேக்கல நீங்க?"

அண்ணன் போனான். குத்தகைக்காரர் மறுக்கவில்லையாம். நடவு முடிந்த வயலிலிருந்து ஈர மண்ணை அள்ளி வாழையிலையில் வைத்துக் கொடுத்திருந்தார். அதைக் கரைத்து வடிகட்டி, கரண்டியில் எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் விட்ட பால் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. இந்தத் தண்ணீர் உதட்டில் பட்டதும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். மறுபடி விட்டேன். இன்னும் இறுக்கினார். கலங்கிய தண்ணீர் தாடை வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

தாடை தானாக இறுகுவது உண்டு, அது உடம்பின் வேலை என்று டாக்டர் பிறகு சமாதானம் சொன்னார். இருக்கலாம். சாகிறவர்களுக்குக் கடைசியாகப் போவது காதுதான் என்று சொன்னதும் அவரேதான். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் என் வாய் அடங்கியிருக்குமா என்பது வேறு விஷயம்.

பொழுது சாய்வதற்குள் அப்பா போய்விட்டார். குளிப்பாட்டும்போது முகம் துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உதட்டோரம் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தபடி, யாருக்கும் கேட்காமல் அவர் காதருகே குனிந்தேன்.

"கேஸ் நம்ம பக்கம்தாம்ப்பா முடிஞ்சிச்சு."