சும்மா நின்ற சக்கரம்

ஜப்பான்காரன் காலத்தில் என் மாமாவுக்கு லோரி ஓட்டத் தெரியாது. அதாவது, தெரியாது என்றுதான் நாங்கள் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பியான அவர் சண்டைக்கு முன்னால் ரப்பர் தோட்டத்து லோரியைப் பத்து வருஷம் ஓட்டியவர். இப்போதோ லோரி தெரிந்தவர்களை ஜப்பான்காரர்கள் தேடிப் பிடித்து, ரயில் பாதை போடும் வேலைக்குச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பியதாகத் தகவல் இல்லை. ஆகவே மாமா காஜா பேராங் என்ற எங்கள் ஊரில், வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் தலையைக்கூடத் திருப்பமாட்டார்.

"மாமாவுக்கு என்ன வேலைன்னு யாரு கேட்டாலும் கெழங்கு போடுறாருன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத" என்று அம்மா எனக்குப் பாடம் சொல்லியிருந்தாள். எனக்கு அப்போது ஏழு வயது.

மழை விட்ட ஒரு மத்தியானம். அதை நான் நிஜமாகப் பார்த்தேனா, கனவு கண்டேனா என்று இன்றும் சில நேரம் சந்தேகம் வரும். வெயிலில் சேறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நடுச்சாலையில் ஒரு ராணுவ லோரி புதைந்து கிடந்தது. அதன் பின்சக்கரங்களில் ஒன்று சேற்றுக்குள் விர்ரென்று சுற்றி, வாழை இலை உயரத்துக்குச் சகதியை வாரி இறைத்தது. மற்றது கெட்டித் தரையில் அசையாமல் நின்றது. அதன்மேல் ஒட்டியிருந்த பலா இலைகூட விழவில்லை. எனக்கு அது தூங்குவதாகத் தோன்றியது.

எந்தப் பக்கம் லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே இஞ்சினின் பலமெல்லாம் போய்ச் சேரும். அந்த லோரிகளின் புத்தி அப்படி. அதற்கு வைத்தியம் எனக்கே தெரியும். தோட்டத்தில் மாமாவின் லோரி புதைந்தபோது பார்த்திருக்கிறேன். சுற்றுகிற சக்கரத்தைச் சங்கிலி போட்டு லோரியின் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார். அது திரும்ப முடியாமல் போனதும், சும்மா நின்றது எழுந்து வேலை செய்யும்.

சிப்பாய்கள் தெரு ஆண்களையெல்லாம் இழுத்து வந்து தள்ளச் சொன்னார்கள். மாமாவும் தள்ளினார். தப்பான இடத்தில் கை வைத்தார், வழுக்கி முகங்குப்புற விழுந்தார், ஒரு சிப்பாயிடம் அறையும் வாங்கினார். என் பக்கத்தில், சிட்டி என்று சொல்லப்படும் பழைய தமிழ் வம்சத்து வீட்டுப் பையன் ஒருவன் நின்றான்; அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்களோடு கோவிலுக்கு வருவான், ஆனால் வாயில் மலாய்தான். உன் மாமா போடோ, ஒன்றும் தெரியாத மண்டு என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதானே? நான் திறக்கவே இல்லை. வீட்டுக்குள் ஓடி, விறகுக்கு அடியில் கிடந்த மாமாவின் பழைய லோரிச் சங்கிலியைத் தரதரவென்று இழுத்து வந்து மாமாவின் காலடியில் போட்டேன்.

எல்லாரும் தள்ளுவதை நிறுத்தினார்கள். அறைந்த சிப்பாய் சங்கிலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். மாமா முந்திக்கொண்டு குனிந்து சங்கிலியை எடுத்தார்.

"கை வலிக்குதா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு லோரிக்கு அடியில் புகுந்து கட்டினார். ஏறி உட்கார்ந்து, நோகாமல் கிளட்சை விட்டார். பலா இலை மெல்ல மேலே போய், சுற்றிக் கீழே வந்தது. லோரி முனகிக்கொண்டே கரையேறியது. நான் அந்தப் பையனை ஒரு பார்வை பார்த்தேன். ஆகா, என்ன பெருமை எனக்கு!

சங்கிலியை அவிழ்த்ததும் மாமாவை மறுபடி அதே இருக்கையில் ஏற்றி, இரண்டு பக்கமும் சிப்பாய்கள் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது. தெருமுனை வரை கையாட்டிக்கொண்டே ஓடினேன். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டும்போது திரும்பக் கூடாதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. மாமாவை ஏற்றிப் போன அன்றைக்கு அம்மா என் காலில் இருந்த சேற்றைக் கழுவிவிட்டாள். எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிறவள் அன்று என்னை அடிக்கவில்லை. அதனாலேயே, நான் செய்தது நல்ல காரியம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.