மூன்று பத்துக்கு வந்த ஆள்

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கு ஐம்பத்தொரு வயதில் வலைப்பக்கம் எழுதக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. "இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் வீட்டுக்காரர். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன் வாய்ச்சண்டையில் வீட்டை விட்டுப் போன தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியவேண்டும் அவளுக்கு.

சேர்ந்த கணினி வகுப்பில், இப்படியென்றால் இது, இல்லையென்றால் அது என்று மெஷினுக்குச் சொல்லும் 'நிபந்தனைகள்' பாடம் நடந்த வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பக்கம் பெயரைக் கேட்க வேண்டும். இன்ன பெயராக இருந்தால் ஒரு பதில், இல்லையென்றால் வேறு பதில். மற்றவர்கள் பழத்தின் பெயர், பூவின் பெயர் என்று ஒப்பேற்றினார்கள். அக்கா தம்பியின் செல்லப்பெயர்கள் இரண்டையும் வைத்தாள். 'பூனை' அல்லது 'பூனைக்குட்டி' என்றால், "வந்துட்டியாடா? கதவு திறந்துதான் இருக்கு." இல்லையென்றால், "நீங்கள் யாரென்று தெரியவில்லை." அந்த முதல் பதில் போய்க் கதவு திறக்கும்போதெல்லாம் நேரம் பதிவாகும்படி செய்துகொண்டாள். பக்கத்தின் முகவரியைத் தம்பியின் பழைய மின்னஞ்சலுக்கு அனுப்பினாள். அப்படி ஒரு மின்னஞ்சலே இல்லையென்று அது அன்றே திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் பிற்பகல் மூன்று பத்துக்கு ஒரு பதிவு விழுந்தது. அதற்கடுத்த நாளும் மூன்று பத்து. ஒன்பது நாள் ஒரு நிமிஷம் பிசகவில்லை. அந்த நேரம் நெருங்கினாலே அக்கா போனைக் கையில் எடுத்துக்கொள்வாள். பயம் பாதி, சந்தோஷம் பாதி.

வகுப்பு எடுக்கும் பெண்ணிடம் காட்டினாள். மகள் வயதுக்காரி. பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"அக்கா, இதுல யார் எதை அடிச்சாலும் கதவு திறக்கும். முதல் பேரைத்தான் ஒப்பிட்டிருக்கீங்க. 'அல்லது'க்குப் பின்னால ரெண்டாவது பேர் எதோடயும் ஒப்பிடாம சும்மா நிக்குது. சும்மா நிக்கிற வார்த்தைய மெஷின் 'ஆமா'ன்னு எடுத்துக்கும்."

"அப்போ தினமும் வந்தது?"

"ஏதாவது மெஷினா இருக்கும்க்கா. நேரம் தவறாம அதுவா வந்து தட்டிட்டுப் போகும்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து இரண்டு பெயரையும் ஒழுங்காக ஒப்பிடும்படி திருத்தினாள். வருகிறவர் என்ன அடிக்கிறார் என்பதும் இனிமேல் பதிவாகட்டும் என்று அந்தப் பெண் ஒரு வரி சேர்த்துக் கொடுத்தாள்.

அடுத்த நாள் கூட்டம் குறைந்ததும் போனில் திறந்து பார்த்தாள். கதவு யாருக்கும் திறக்கவில்லை. ஆனால் 'இல்லையென்றால்' பதில் போனவர்களின் பதிவில் ஒரு வரி இருந்தது. மூன்று பத்து. அடித்த பெயர்: சிட்டுக்கா.

பேச்சு திருந்தாத வயதில் தம்பி அவளைக் கூப்பிட்ட பெயர் அது. அதைக் கேட்டிருந்த அப்பாவும் அம்மாவும் இன்று இல்லை. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

பக்கம் "பெயர்?" என்று மட்டும்தான் கேட்டிருந்தது. முகவரி எப்படிக் கிடைத்ததோ, அவன் தேடி வந்தவளின் பெயரைச் சொல்லியிருக்கிறான். தப்பு இருந்தவரை உள்ளே விட்டது. திருத்திய அன்று, அவள் கைப்பட எழுதிய பதில் அவனுக்குப் போயிருக்கிறது. நீங்கள் யாரென்று தெரியவில்லை.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, பழைய தப்பை அப்படியே திரும்ப எழுதி வைத்தாள். இப்போது அந்தப் பக்கம் யார் போனாலும் திறக்கிறது. மூன்று பத்துக்கு யாரும் வருவதில்லை.