பத்து டொலர் மேசை

அந்த அட்டை இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டு எடுத்தது. முன்பக்கத்தில் அத்தானின் குண்டு எழுத்தில் கட்டங்கள்: இருபத்தொன்று என்னும் சீட்டாட்டத்தில் எப்போது இன்னொரு சீட்டுக் கேட்பது, எப்போது நிறுத்துவது. பின்பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் ஒரே வரி: "பத்து டொலருக்கு மேல் வைக்கமாட்டேன்."

அத்தான், என் அக்காவின் கணவர், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குபவர். குடி இல்லை, புகை இல்லை. ஞாயிறு மத்தியானத்தில் கசினோ மட்டும். "இது மூளையாலை விளையாடுறது, மச்சாள். அட்டையைப் பாத்து விளையாடினா அவங்களாலை என்னைக் கெதியா விழுத்த ஏலாது" என்பார். அது பொய்யுமில்லை. அந்த நாட்களில் முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் பத்து டொலருக்குப் பதினைந்து கொடுப்பார்கள். கொஞ்சம் தோற்பார், கொஞ்சம் வெல்வார், வரும்போது அக்காவுக்கு மாம்பழம் வாங்கி வருவார்.

ஒருநாள் ஒரே ஆட்டத்துக்கு நூறு டொலர் வைத்தது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வில்லரேயில் வீடு வாங்க முற்பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலம். அக்கா அழுதாள், நான் பத்திரகாளியானேன். இரண்டு பேரையும் கோயிலுக்கு இழுத்துப்போய், அத்தானைக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யவைத்தவள் நான்தான். போகவே கூடாது என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் ஒளித்துப் போவார் என்று அக்கா பயந்தாள். அதனால் பத்து டொலர் என்று வரம்பு கட்டினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு விதிகள் மாறத் தொடங்கின. யாரும் மேளமடித்துச் சொல்லவில்லை. மேசை விரிப்பில் பிரெஞ்சில் சின்னதாக அச்சடித்திருந்தார்கள், அவ்வளவுதான். பத்து டொலர் மேசைகளில் அந்தப் பதினைந்து பன்னிரண்டானது. பதினேழு வந்தால் சீட்டுப் போடுபவர் நிறுத்தியே ஆகவேண்டும் என்பது போய், கையில் ஆஸ் சீட்டு இருந்தால் பதினேழிலும் இன்னொன்று எடுக்கவேண்டும் என்றானது; அதுவும் கசினோவுக்குத்தான் லாபம். சீட்டைக் கலக்க இயந்திரம் வந்தது. மூச்சு விடுமுன் அடுத்த ஆட்டம். பழைய விதி இருபத்தைந்து டொலர் மேசைக்குக் குடிபோய்விட்டது.

அத்தான் என் குசினியில், குளிர்த்தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"சத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கோ மச்சாள். பக்கத்து மேசையிலைதான் ஒழுங்கான விதி இருக்கு. இதிலை என்ரை அட்டை வேலை செய்யுதில்லை."

"மூண்டு டொலருக்கு ஏன் அழுறியள் அத்தான்? கற்பூரத்திலை அடிச்சது அடிச்சதுதான்."

சூதாடியின் சாக்கு என்றே நினைத்தேன். அப்போதாவது, போகாமல் விடுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய விதியிலும் கடைசியில் கசினோதான் வெல்லும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இவ்வளவு கெதியாக அல்ல. அத்தான் சத்தியத்தை ஒருநாளும் மீறாமல், பத்துப் பத்தாகவே அந்த முற்பணம் முழுவதையும் தோற்றார். வில்லரே வீடு கனவாகவே போயிற்று. அக்கா அவரை வெளியே போகச் சொன்னாள். அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு அவர் ஒரு வாடகை அறைக்குப் போனார். அக்காவின் வீடு போனதில் எனக்கும் பங்கிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

போன மாதம் அக்கா சொன்னாள்: "அந்த மனுசன் ஒழுங்காச் சாப்பிடுதோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை. எங்கே இருப்பார் என்று தேடத் தேவையில்லை. கசினோவில் பத்து டொலர் மேசை இப்போது ஒன்றுகூட இல்லை. ஆகக் குறைந்தது பதினைந்து. அத்தான் கதிரைகளுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மெலிந்திருந்தார். முன்னால் இருந்த யாரோ ஒருவரின் சீட்டைப் பார்த்து அவர் உதடு மட்டும் அசைந்தது: "நிப்பாட்டு."

என்னைக் கண்டதும் சிரித்தார்.

"நான் விளையாடேல்லை மச்சாள். பத்து டொலருக்கு இங்கை இப்ப இடமில்லை. சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"எப்ப வந்தனீங்கள்?"

"காலமை. அக்காவிட்டைச் சொல்லுங்கோ, சத்தியம் அப்பிடியே இருக்கு."

அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுபோயிருந்தேன். பைக்குள் விட்ட கையை வெறுங்கையாகவே வெளியே எடுத்தேன். அக்காவிடம் போய், சாப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன்.