பத்தரைக்குள் போட்ட கையெழுத்து

சரண்யாதேவி ஏமாளி இல்லை. தல்லாகுளத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷம் அடுத்தவர் மனுவை வரிவரியாகப் படித்துக் கோளாறு கண்டுபிடித்தவர். அப்படிப்பட்டவர்தான் ஓய்வுப் பணத்தில் எட்டு லட்சத்தைச் சித்தி மகன் அழகுபாண்டியின் கப்பலூர் பட்டறையில் போட்டு, பங்குதாரராக, பட்டறைக்குச் சிப் தரும் கம்பெனியோடு போட்ட நாற்பது பக்க ஒப்பந்தத்தில் படிக்காமலே கையெழுத்திட்டார். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். வெளியூர்க் கம்பெனிக்காரன் வந்து சேர்ந்ததே பத்தேகாலுக்கு.

பட்டறையில் செய்வது வயர்லெஸ் பெட்டி. வீட்டிலிருந்தே தோட்டத்து மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் உள்ளே இருக்கும் ரேடியோ முறை அந்த ஒரு கம்பெனிக்கே சொந்தம். சிப்பும் அவனிடம்தான் வாங்க வேண்டும், பெட்டியின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் அவனுடையதுதான். ஐந்து வருஷத்துக்கு வேறு முறையில் பெட்டி செய்யவே கூடாது என்று முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. ஏழு மாதம் கழித்துத்தான் அதைப் படித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏன்டா, நீயாச்சும் படிச்சியா?"

"நீங்க படிச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்க்கா" என்றான் அழகுபாண்டி.

அதற்குள் பேரையூர்ப் பக்கத்து உழவர் குழு, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொது முறைக்கு மாறிவிட்டது. ஊருக்கு ஒரே ரிசீவர். எவர் செய்த பெட்டியும் அதோடு சேரும், இவர்களுடையது மட்டும் சேராது. அங்கே விற்ற இருபது பெட்டிகளையாவது திரும்பி வராமல் காப்பாற்றலாம் என்று இருவரும் கிளம்பிப் போனார்கள். குழுத் தலைவி ராமக்காள் தன் பெட்டியைக் கழற்றியே வைத்திருந்தார்.

"ஒரு மாசம் வச்சுப் பாருங்கக்கா. ரிசீவரைப் பாதி விலைக்குத் தாரேன்" என்றான் அழகுபாண்டி.

"எதுக்குத் தம்பி? மத்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிருது. ஒங்கது மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருக்கு." ராமக்காள் சரண்யாதேவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. என் எடத்துல இருந்தா எதை வாங்குவீங்க?"

அழகுபாண்டி கண்ணைக் காட்டினான். நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்களும் வைத்துக்கொள்வார்கள். சரண்யாதேவிக்கு அவன் மேல் எரிச்சல், கம்பெனிக்காரன் மேல் எரிச்சல், எல்லாவற்றையும்விடத் தன் மேலேயே எரிச்சல். இந்த அம்மாளையும் கொண்டுபோய் அதே கம்பெனியில் மாட்டிவிடவா?

"பொதுவா இருக்கறதைத்தான் வாங்குவேன்மா" என்றார்.

மாலைக்குள் மீதிப் பத்தொன்பது பெட்டிகளும் திரும்பி வந்து சேர்ந்தன. அவரே எண்ணி வண்டியில் ஏற்றினார்.