பெரிய டிவி வந்த பிறகு

சுவர் அகலத்தில் டிவி வாங்கியதிலிருந்து என் கணவர் சொல்வது ஒன்றுதான். "ஊட்டுலயே இவ்வளவு பெருசா இருக்குது, இனி அந்த ஓட்டைத் தியேட்டருக்கு எவன் போவான்?"

ஆனால் வீட்டில் ஒரு படத்தைப் பார்த்து முடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆகிறது. குக்கர் விசிலடித்தால் நான் நிறுத்துவேன். சாயப்பட்டறையிலிருந்து போன் வந்தால் அவர் நிறுத்துவார்.

இன்று ஞாயிறு. எண்ணெய் வாங்கக் காங்கேயம் போவதாகச் சொல்லி அவர் கிளம்பினார். நான் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, அதே தியேட்டருக்கு மேட்னி போனேன்.

சீட்டில் பாதிப் பஞ்சு இல்லை. ஏசி போர்டில் மட்டும் இருந்தது. கதாநாயகி அழும்போது ஒரு புறா அவள் மூக்கைக் கடந்து பறந்தது. ஆனாலும் படத்தை யாரும் நிறுத்தவில்லை. நிம்மதியாக அழுதேன்.

இடைவேளையில் விளக்கைப் போட்டார்கள். இரண்டு வரிசை முன்னால் என் கணவர்!

"ஏனுங்க, இதுதான் காங்கேயமுங்களா?"

திருதிருவென்று விழித்தவர் மெதுவாகக் கேட்டார். "உன்ற ஷிப்மென்ட் கப்பல் ஏறிருச்சா?"

மீதிப் படத்தைச் சேர்ந்தே பார்த்தோம்.

வீடு திரும்பினால், டிவி முன்னால் என் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அதுக்குள்ள வந்துட்டீங்களா கண்ணு? இன்னிக்குத்தான் ஒரு படத்த முழுசாப் பாக்கறேன். முடியற வரைக்கும் சித்த வெளிய நில்லுங்க."

வாசலில் நின்றபடிதான் இதை டைப் செய்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது டீக்குக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் வருவோம்.