நான்கு மணி இருமல்

பெட்டியைக் காதோரம் வைத்து இரண்டு தரம் ஆட்டுகிறார். ஆட்டும்போதே இருமுகிறார். "கல்லு மாதிரி இருக்கு, ஒரு சத்தம் இல்லே" என்று மனைவியிடம் திருப்பிக் கொடுக்கிறார். மனைவி, ஒட்டிய டேப்பின் குறுக்கே பேனாவால் 'கவனம்' என்று எழுதுகிறார். தினமும் நான்கு மணிக்கு, கூரியர் பெண் படியேறி வருவதற்குச் சற்று முன்னால், என் எதிர்வீட்டில் நடப்பது இது.

எங்கள் குடியிருப்பில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். வண்ணக் கண்ணாடிப் பூச்சாடிகளை மொத்தமாக வாங்கி ஆன்லைனில் விற்கிறார். கூடத்தில் நாற்காலிகளைவிட அட்டைப்பெட்டிகள் அதிகம். போனால் ஒரு பெட்டியைத் தட்டிக் காட்டி, "உக்காருங்க, இது காலிதான்" என்பார். நம்பி உட்கார ஒரு தைரியம் வேண்டும்.

ஆர்டர் பார்ப்பது, வாங்கியவர்களோடு பேசுவது எல்லாம் அவர், கட்டுவது மனைவி. ஆட்டிப் பார்க்கும் விதியும் அந்த அம்மாள் போட்டதுதான். முன்பெல்லாம் லேசாகக் 'கடக்' என்றாலும் பிரித்து முதலிலிருந்து கட்டுவார். "நான் கட்டினது நிலாவுக்குப் போனாலும் உடையாது" என்று பெருமை வேறு. அப்போது ஒரு சாடி உடைந்துவிட்டால் கண்ணாடிக்காரர் கூரியர் கம்பெனியை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அட்டையில் விழுந்த நசுங்கலை ஸ்கேல் வைத்து அளந்து படம் அனுப்பும்படி வாங்கியவரிடம் சொல்லி, அதை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்.

இப்போது சண்டையே இல்லை. உடைந்த சாடியின் படம் வந்த மறுநிமிடம் பணத்தைத் திருப்பிவிடுகிறார். "மன்னிச்சுக்குங்க. திருப்பியெல்லாம் அனுப்ப வேணாம். கையைக் கிழிச்சுக்காம பேப்பர்ல சுத்திக் குப்பையில போட்டுடுங்க" என்று மாடிப்படியில் நின்று, வீட்டுக்குள் கேட்காத குரலில் போனில் பேசுவார்.

"இப்படி அள்ளிக் குடுத்தா கடை என்னத்துக்கு ஆகும்?" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. போனை நீட்டினார். படத்தில் வெளிப்பெட்டி மேல் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே காகிதம் தொளதொளவென்று கிடக்க, சாடி மட்டும் மூன்று துண்டு.

"அவ கை நடுங்குதுங்க. ஒரு வருஷமா. இறுக்கிச் சுத்த முடியலே. இனிமே கூடிக்கிட்டேதான் போகும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நீங்க பிரிச்சுக் கட்டிடலாமே?"

"டேப்பு மேல எழுதுறாளே, பிரிச்சா தெரிஞ்சுடும். அவ காலையில எந்திரிச்சுத் தலை வாரிக்கிட்டு வர்றதே இந்த வேலைக்காகத்தான். இதையும் புடுங்கிட்டா அப்படியே படுத்துடுவா. நீங்க வாய் தவறி எதுவும் சொல்லிடாதீங்க."

ஆகவே மனைவி காதுக்கு எட்டிவிடும் உடைசல்களின் பழியெல்லாம் கூரியர் மேல். கூரியர் பெண்ணுக்கும் விஷயம் தெரியும். "என் பெட்டியை வச்சுப் பந்து விளையாடுறீங்களா?" என்று அந்த அம்மாள் வாசலில் சத்தம் போட்டால், "இனிமே பாத்து எடுத்துட்டுப் போறேங்க்கா" என்று தலையைக் குனிந்துகொள்கிறாள்.

நேற்று ஒரு நீலச் சாடி. கட்டி முடிக்க அரை மணி ஆயிற்று. டேப்பின் நுனி மூன்று தடவை அந்த அம்மாளின் விரலிலேயே ஒட்டிக்கொண்டது. நான் அவர்கள் கூடத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்காரர் பெட்டியை ஆட்டினார். சாடி அட்டையில் இடித்தது எனக்கே கேட்டது. அவர் இருமினார்.

"பெட்டியை ஆட்டுறப்ப மட்டும் வருதே இந்த இருமல், இது என்ன வியாதிங்க?" என்றார் மனைவி.

அந்த அம்மாள் பெட்டியை வாங்கி, தான் ஒட்டிய டேப்பைத் தானே கிழித்தார். காகிதக் கட்டை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தார். அவர் கசக்கிக் கசக்கித் திணித்து முடித்ததும், அந்த அம்மாள் மூடியின் மேல் தன் இரண்டு கைகளையும் அழுத்திக்கொண்டார். "நான் புடிச்சுக்கறேன், நீங்க ஒட்டுங்க." அந்தக் கைகளுக்குக் கீழே அட்டை தடதடத்தது. அவர் ஒட்டினார்.

"இப்ப இருமாம ஆட்டுங்க."

ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. ஆட்டி முடித்த பிறகும் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைக் காதோடு அணைத்தபடியே நின்றார்.